பதினெட்டாவது முகம்

ஜூன் 3

என் உடன்பிறந்தவளே! உன் கடை நாற்காலியில் சாய்ந்து, கண்களை மூடி, முகத்தை உன் கைகளில் ஒப்படைத்துக் கிடக்கும் பெண்களே! அந்த முகங்களை நாள்தோறும் பார்த்தும் வாய் திறவாத நிலைக்கண்ணாடிகளே! எல்லோரும் கேளுங்கள். இந்தக் கடிதத்தைத் தனியே படித்து மடித்து வைக்க உனக்கு உரிமை இல்லை. கடை நடுவில் நின்று உரக்கப் படி. தொலைபேசியில் அழைத்தால் "அப்புறம் கூப்பிடறேன்" என்று துண்டித்துவிடுகிறாய். எழுத்தை அப்படித் துண்டிக்க முடியாது.

என் குற்றச்சாட்டு இதுதான். எங்கள் சலவை ஆலையில் பதினேழு பெண்களின் முகத்தை நீ எரித்துவிட்டாய்.

இந்த ஆலையை நீ பார்த்ததில்லை. மருத்துவமனை விரிப்புகளும் தங்கும் விடுதிகளின் துண்டுகளும் வண்டி வண்டியாக வந்து இறங்கும். துவைத்ததை நீராவி அழுத்தியில் வைத்து மூடியை இறக்கினால் ஒரு பெருமூச்சு கிளம்பும். அது நேரே முகத்தில் அடிக்கும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் அந்த மூச்சின் முன் நிற்பவர்கள் எங்கள் பெண்கள். கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் அவர்களுக்குக் கருந்திட்டாய் மங்கு படர்ந்திருந்தது. பிள்ளை வயிற்றில் இருந்தபோது சிலருக்கு வந்தது. தடுப்பு மாத்திரை விழுங்கியதால் சிலருக்கு வந்தது. வெயிலும் வெப்பமும் எல்லோருக்கும் அதைக் கருக்க வைத்தன. "உன் கன்னத்துல எந்த நாட்டு வரைபடம்டி ஓடுது?" என்று ஒருத்தி கேட்பாள். "எந்த நாடா இருந்தா என்ன, அங்கயும் இஸ்திரிதான் போடணும்" என்று மற்றவள் சொல்வாள். சிரித்துக்கொண்டே துண்டால் கன்னத்தை மூடிக்கொள்வார்கள்.

உன்னிடம் ஒரு வழி கேட்டேன். பெயர் இல்லாத, வெள்ளை மூடி போட்ட ஒரு டப்பாவை அனுப்பினாய். பூசினார்கள். மூன்று வாரத்தில் மங்கு வெளுத்தது. "மைக்கோட தங்கச்சிக்கு நல்ல கைராசி" என்று உன்னைப் புகழ்ந்தார்கள். தொழிற்சங்க மேடையில் பேசுபவள் என்பதால் மைக் என்பது இங்கு எனக்கு அவர்கள் வைத்த பெயர். பத்து மாதம் ஆயிற்று. இப்போது வந்து பார். தோல் வெங்காயச் சருகுபோல் மெலிந்து, அடியில் ஓடும் நரம்பு சிவப்பு நூலாய்த் தெரிகிறது. கன்னமெல்லாம் சிறு கொப்புளம். தண்ணீர் பட்டாலே எரிகிறது. ஒரு நாள் பூசாவிட்டால் முகம் சிவந்து வீங்குகிறது. பூசினால் அடங்குகிறது. ஆகவே விடவும் முடியவில்லை, தொடவும் முடியவில்லை. போன மங்கு இரு மடங்காகத் திரும்பி வந்திருக்கிறது.

நான்காம் அழுத்தியில் நிற்பவள் ஒருத்தி. சுருட்டை என்று அழைப்போம். அவள்தான் எல்லோரிலும் மோசம். அவளைத் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

"என்ன பூசறீங்க?" என்றார் அந்த அம்மையார்.

"க்ரீம்."

"என்ன க்ரீம்?"

"வெள்ளை மூடி க்ரீம்."

எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார். "வெள்ளை மூடிங்கறது மருந்தோட பேராம்மா? உள்ள என்ன இருக்குன்னு தெரியாம நான் எதைக் குறைக்கச் சொல்றது, எதைக் குடுக்கறது?" பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார். சுருட்டை தலையைக் குனிந்துகொண்டு, "மூணு மாசம்" என்றாள். அவர் முகம் மாறியது. "வயித்துல புள்ளையோடயா பூசினீங்க? அதுல என்ன மருந்து, என்ன அளவு, எத்தனை நாள்? இது மூணும் எனக்கு எழுத்துல வேணும். இருபத்தாறாம் தேதி வரும்போது கொண்டு வாங்க."

தங்கையே, எழுது. அந்த டப்பாவில் நீ இட்டது என்ன? பெயரும் அளவும் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பு. ஒரு வயிறு காத்திருக்கிறது.

உன் அக்கா

——

ஜூன் 8

அக்கா,

நீ சொன்னபடியே உரக்கப் படித்தேன். கடையில் மூன்று பேர் இருந்தார்கள். கண்ணில் பஞ்சு வைத்துப் படுத்திருந்த ஒருவர், "யாரும்மா அது, தேர்தல்ல நிக்கறவங்களா?" என்று கேட்டார். "எங்க அக்கா. அவங்க எப்பவுமே நின்னுக்கிட்டுத்தான் இருப்பாங்க, உக்காந்து யாரும் பாத்ததில்ல" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு பின்கட்டில் போய் உட்கார்ந்து, மருத்துவர் பேசியதை மறுபடி படித்தேன். அப்போது சிரிக்கவில்லை.

முதலில் என் குற்றம். இந்த அழகு நிலையத்தைத் திறக்கும் முன் மருந்துக் கடையில் ஆறு ஆண்டுகள் நின்றவள் நான். மங்குக்குத் தோல் மருத்துவர்கள் எழுதித் தரும் ஒரு க்ரீம் உண்டு. அளவாக, குறிப்பிட்ட காலத்துக்கு, முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தருவது. செவ்வாய்க்கிழமை கடை அடைத்தபின் அந்தக் குழாய்களைப் பிதுக்கி டப்பாக்களில் நிரப்புவேன். பெயர் தெரிந்தால் வாடிக்கையாளர் நேரே மருந்துக் கடைக்குப் போய்விடுவார். அதனால் பெயரைக் கிழித்தெறிந்தேன். இந்தத் தொழிலில் பலரும் செய்வதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை உன்னிடம் மறைக்கவில்லை.

ஆனால் முதல் டப்பாவின் மூடிக்கு உள்ளே ஒரு சீட்டு ஒட்டியிருந்தேன். என் கையெழுத்தில் நான்கு வரி.

இரவில் மட்டும், பட்டாணி அளவு.
பகலில் வெயில் காப்பு க்ரீம் இல்லாமல் இருக்காதே.
எட்டு வாரத்துக்கு மேல் ஒரு நாளும் பூசாதே.
கர்ப்பம் என்று சந்தேகம் வந்தாலே நிறுத்து.

ஒரு முகத்துக்காக எழுதிய வரிகள் அவை. அந்த ஒரு முகம் யாருடையது என்பது உனக்கு நினைவிருக்கும். பிறகு நீதான் எழுதினாய். போன ஆகஸ்டுக் கடிதம் இதோ என் மேசையில் இருக்கிறது. "பெரிய டப்பாக்களாக அனுப்பு. சங்க அறையில் பொதுவில் வைக்கிறேன். எங்களிடம் தனியுடைமை கிடையாது." அனுப்பினேன். மாதந்தோறும் அனுப்பினேன். பெரிய டப்பாக்களில் சீட்டு ஒட்டவில்லை. நீ படித்துச் சொல்லியிருப்பாய் என்று நம்பினேன். பத்து மாதம் அனுப்பியபோதும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

கையொப்பமிட்டுத் தா என்கிறாய். அந்தத் தாள் ஒரு மருத்துவர் மேசைக்குப் போனால், அங்கிருந்து மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போக எவ்வளவு நேரமாகும்? என்னிடம் இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். கடைக்குப் பின்னால் உள்ள அறைதான் என் வீடு. எனக்குப் பயமாக இருக்கிறது. உன் மேடைத் தமிழில் அதற்குக் கோழைத்தனம் என்று பெயர் இருக்கலாம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். பதினேழு முகங்களைத் தோல் தோலாக எழுதியிருக்கிறாய். முதல் டப்பா யாருக்குப் போனதோ அந்தப் பதினெட்டாவது முகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. போன மாதச் சங்க இதழில் உன் படத்தைப் பார்த்தேன். கன்னம் துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது.

உன் முகம் எப்படித் தப்பியது, அக்கா?

——

ஜூன் 12

தங்கையே,

வீடு பற்றி எரியும்போது, தீயணைக்க வந்தவளின் சேலை ஏன் கருகவில்லை என்று கேட்பவளை என்னவென்று சொல்வது? என் முகம் இங்குப் பொருளன்று. பதினேழு பெண்கள் பொருள். அவர்களில் ஒருத்தியின் கருப்பை பொருள்.

நேற்றுச் சங்க அறையில் நடந்ததைக் கேள். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியை யாரோ திருப்பி வைத்திருந்தார்கள். அதன் அட்டை முதுகுதான் தெரிந்தது. திருப்பப் போனேன். "விடுக்கா, அது அப்படியே இருக்கட்டும். பாத்து என்ன ஆகப் போவுது" என்றாள் மடிப்புப் பிரிவில் இருப்பவள். மங்கு இருந்த காலத்தில் அந்தக் கண்ணாடியின் முன் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு தலை வாரியவர்கள் அவர்கள். மங்கு அவர்களைக் கண்ணாடியிலிருந்து விரட்டவில்லை. உன் மருந்து விரட்டியது.

சுருட்டை இப்போது மூடியை இறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "மூஞ்சில மிளகா அரைச்சுத் தடவின மாதிரி இருக்குக்கா" என்கிறாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு இயந்திரத்தில் கை வைப்பது எவ்வளவு கேடு என்று உனக்குத் தெரியாது. விரலைக் கொடுத்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். மேற்பார்வையாளன் என்ன செய்கிறான் தெரியுமா? அவளைக் கடக்கும்போதெல்லாம், "என்னம்மா, ரோஜாப்பூ மாதிரி செவந்து கெடக்கற. சங்கத்துல இன்னும் என்னென்ன தர்றாங்க?" என்கிறான். ஆலை நிர்வாகம் இதை எழுத்தில் கொண்டுவரக் காத்திருக்கிறது. அதற்குள் நான் முந்திக்கொள்வேன். இருபத்தேழாம் நாள் காலை ஆலை வாயிலில் கூட்டம். பெயரற்ற டப்பாக்களில் நஞ்சு விற்கும் அழகு நிலையங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். உன் கடையின் பெயரைச் சொல்லாமல் விடுவதா, சொல்வதா என்பது உன் கையில் இருக்கிறது.

உன் கடை போய்விடும் என்று அஞ்சுகிறாய். ஒரு பெண் தன் பிள்ளையைப் பற்றி அஞ்சுகிறாள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க உனக்குக் கை வந்ததே!

சீட்டு எதையும் பார்த்ததாக நினைவில்லை.

பட்டியலை அனுப்பு.

உன் அக்கா

——

ஜூன் 16

அக்கா,

"சீட்டு எதையும் பார்த்ததாக நினைவில்லை."

உன்னோடு ஒரே பாயில் பதினைந்து ஆண்டுகள் படுத்தவள் நான். கோபம் வந்தால் உன் வாக்கியம் நீளும். அழுகை வந்தால் இன்னும் நீளும். பொய் சொல்லும்போது மட்டும்தான் சுருங்கும்.

போன அக்டோபரில் ஒரு ஞாயிறு. நான் வாடிக்கையாளருக்கு முடி அலசிக்கொண்டிருந்தேன். நீ அழைத்தாய். தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன். நீ சொன்னது சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "எட்டு வாரம் ஆச்சுடி, நிறுத்திட்டேன். நல்லா அடங்கியிருக்கு. அந்த வெயில் க்ரீம் மட்டும் இன்னொண்ணு அனுப்பு. தோல் நெறத்துல இருக்கே, அது. மேடையில நிக்கும்போது ரொம்ப நல்லா இருக்கு."

எட்டு வாரம் என்று உனக்கு யார் சொன்னது?

அன்றிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தோல் நிற க்ரீம் உனக்கு வருகிறது. வெயிலையும் தடுக்கும், விளக்கு வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கும் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினேன். மங்கு திரும்பாமல் இருக்க அதுதான் பாதி மருத்துவம். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு குழாய். பதினெட்டு குழாய் அனுப்பு என்று ஒருமுறைகூட நீ கேட்கவில்லை. பொதுவுடைமை என்பது டப்பாவோடு முடிந்துவிட்டதா? மெலிந்த தோலோடு, வெயில் காப்பும் இல்லாமல், அவர்களை அந்த அழுத்தியின் முன் நிற்க வைத்தாயே.

நம் இருவர் வீட்டிலும் விளக்கு எரிகிறது. நடுவில் இருட்டில் சுருட்டை நிற்கிறாள். அது எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். நீ செய்ததை நீ எழுது. நான் செய்ததை நான் எழுதுகிறேன். உன் தாள் என் கைக்கு வரும் நாளில் என் தாள் உன் கைக்குப் புறப்படும். ஒரு வயிற்றை வைத்துப் பேரம் பேசுகிறாயே என்று எழுதுவாய். ஆம். உன்னிடம் கற்றுக்கொண்ட பேரம்தான். என் கடையின் பெயரை நீ அப்படித்தான் பிடித்து வைத்திருக்கிறாய்.

——

ஜூன் 19

தங்கையே,

எழுதுகிறேன். இதில் மேடை இல்லை.

போன ஆகஸ்டில் சங்கத்தில் நாற்பத்தொரு பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். நூறு பேர் சேர்ந்தால்தான் நிர்வாகம் எங்களோடு மேசையில் அமரும். இரண்டு ஆண்டுகள் வாயிலில் நின்று தொண்டை கிழியப் பேசினேன். கைதட்டினார்கள், கலைந்தார்கள். சங்க அறைக்குள் ஒருத்தியும் வரவில்லை. உன் டப்பா வந்தது. என் கன்னம் வெளுத்தது. "மைக் அக்கா, என்ன போடற நீ?" என்று ஒருத்தி கேட்டாள். மறுநாள் தேநீர் இடைவேளையில் ஏழு பேர் அறைக்குள் நின்றார்கள். கரண்டியால் எடுத்து ஆளுக்கொரு சிறு கிண்ணத்தில் தந்தேன். கிண்ணத்தை வாங்கும் கையால் உறுப்பினர் படிவத்திலும் கையெழுத்திட்டார்கள். நான் கேட்கவில்லை. அவர்களாகவே போட்டார்கள். அவர்களைப் பார்த்து அவர்கள் தோழிகள் வந்தார்கள். களிம்பு கேட்டு வந்தவர்கள் பதினேழு பேர்தான். அவர்கள் கூட்டி வந்தவர்கள் ஐம்பத்து நான்கு பேர்.

உன் சீட்டைப் படித்தேன். அதை நல்ல தமிழில் தெளிவாக எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்ட அமர்ந்தேன். முதல் வரியை எழுதினேன். இரண்டாவது வரியில் "வெயில் காப்புக் களிம்பு" என்று எழுதி, அதை எங்கே வாங்குவார்கள் என்று எண்ணி அடித்துவிட்டு, "வெயிலில் போகும்போது முகத்தை மூடுக" என்று எழுதினேன். மூன்றாவது வரியில் என் எழுதுகோல் நின்றது. எட்டு வாரத்தில் நிறுத்துக என்று எழுதினால், எட்டாம் வாரம் அந்த அறை மீண்டும் வெறிச்சோடும். இன்னும் சில கையெழுத்துகள் வந்ததும் எழுதுவோம் என்று விட்டேன். நான்காவது வரியை எழுதத்தான் நினைத்தேன். எழுதினால், இவ்வளவு அச்சம் தரும் மருந்தா என்று கேட்பார்கள், பிறகு மூன்றாவதையும் சொல்ல வேண்டி வரும். அதையும் விட்டு, இரண்டு வரியை மட்டும் பலகையில் ஒட்டினேன்.

எனக்கு எட்டு வாரம் ஆனதும் நான் நிறுத்தினேன். அன்று கையெழுத்து எண்பத்தாறு.

நூற்றுப் பன்னிரண்டு பேர் ஆனோம். நிர்வாகம் மேசைக்கு வந்தது. மருத்துவ விடுப்பு பெற்றோம். அந்த விடுப்பில்தான் சுருட்டை மருத்துவரிடம் போனாள். 

அடுத்த பேச்சு எதைப் பற்றித் தெரியுமா? ஒவ்வோர் அழுத்தியின் முன்னும் வெப்பம் தடுக்கும் கண்ணாடித் தட்டி. மேலே வெப்பக் காற்றை இழுக்கும் குழாய். அது வந்தால் இந்த மங்கு பாதியாவது அடங்கும். எல்லோருக்கும், இனி வருபவர்களுக்கும். இப்போது என் வாயால் இதைச் சொன்னால் சங்கம் உடையும். நிர்வாகம் எழுந்து போய்விடும். பேச்சு முடியட்டும். இரண்டு மாதம், மிஞ்சிப் போனால் மூன்று. பிறகு நானே மேடையேறிச் சொல்கிறேன். உன் கடையின் பெயரையும் எடுக்கமாட்டேன்.

நீ கேட்டதை எழுதிவிட்டேன். பட்டியலை அனுப்பு. படித்ததும் இந்தக் கடிதத்தை எரித்துவிடு.

அக்கா

——

ஜூன் 23

அக்கா,

உன் கடிதம் வந்த மறுநாளே அவளும் வந்தாள்.

காலை பத்தரை மணி. கண்ணாடிக் கதவுக்கு வெளியே துண்டால் முகத்தைச் சுற்றிக்கொண்டு ஒருத்தி நின்றாள். உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் விலைப்பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தேன். துண்டை விலக்கினாள். அந்தச் சுருட்டை முடியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்கதானே மைக் அக்காவோட தங்கச்சி? பார்சல் காகிதத்துல அட்ரஸ் இருந்துச்சு. ரெண்டு பஸ் மாறி வந்தேன்" என்றாள். நான் கதவுக் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். "பயப்படாதீங்க, திட்ட வரல. திட்டறதுக்கு வாய் தொறந்தா இங்க எரியுது" என்று உதட்டோரத்தைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். "பேர மட்டும் சொல்லுங்க. டாக்டருக்குக் குடுக்கணும்."

நாற்காலியில் உட்கார வைத்தேன். என் கடை நாற்காலியில் எத்தனையோ முகங்களைப் பார்த்திருக்கிறேன். அவள் முகத்தின்மேல் விளக்கைத் திருப்பியபோது என் கை நின்றுவிட்டது. குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைக்கக்கூட அவளிடம் அனுமதி கேட்டேன். நீ எழுதியதெல்லாம் உண்மை. எழுதாமல் விட்டதும் அங்கே இருந்தது. கன்னத்தில் பூனை மயிர்போல் முடி வளர்ந்திருக்கிறது. அவள் வயதில் பாதிப் பேருக்கு இல்லாத சுருக்கம் கண்ணோரம் விழுந்திருக்கிறது.

மேசையில் உட்கார்ந்து எழுதினேன். தோலை வெளுக்கும் ஹைட்ரோகுவினோன். தோலை உரிக்கும் டிரெட்டினாயின், கர்ப்பிணிகளுக்குத் தரக்கூடாதது. இரண்டின் எரிச்சலையும் அடக்கும் ஸ்டீராய்டு. தோலை மெலிய வைத்தது, விட முடியாமல் பிடித்து வைத்தது எல்லாம் அதுதான். மூன்றின் அளவும் எழுதினேன். எந்தத் தேதியிலிருந்து எத்தனை டப்பா என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டுக் கடை முத்திரையும் குத்தினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுக்கா மூணு வாரம்?" என்றாள்.

அக்கா, அந்தக் கேள்வியில் பாதி உனக்கு.

காலிக் குழாய்களின் அட்டைப்பெட்டி ஒன்றையும் மருத்துவருக்காகக் கொடுத்தேன். அதில் அச்சிட்டிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "எட்டு வாரத்துக்கு மேல வேணாம்னு இதுலயே போட்டிருக்கே. கர்ப்பம்னா கூடாதுன்னும் போட்டிருக்கே." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "இது மைக் அக்காவுக்குத் தெரியாதா?"

உன் கடிதம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. அவள் முழங்கைக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் பலகை.

நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள். "தெரியாது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்கும். மேனேஜர் கிட்டயே பயப்படாம பேசற ஆளு, எங்ககிட்டயா மறைக்கப் போவுது?" பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். அறிவிப்புப் பலகையிலிருந்து உரித்து வந்த தாள். உன் முத்தான கையெழுத்து. இரண்டே வரி. "பாருங்க, எவ்ளோ அழகா எழுதியிருக்கு. நீங்க எழுதி அனுப்பினதுலயே ரெண்டு வரிதான் இருந்திருக்கும், பாவம் அக்கா என்ன பண்ணும்" என்றாள்.

நான்கு வரி எழுதினேன் என்று அவளிடம் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்ற அல்ல. அந்த இரண்டு வரியை மறைத்த வாய்தான் அதைச் சொல்ல வேண்டும்.

நேற்று அவள் மருத்துவரைப் பார்த்துவிட்டு அழைத்தாள். இருபத்தாறு வரை காத்திருக்கவில்லை. தோலில் பூசிய மருந்து உடம்புக்குள் போவது கொஞ்சம்தான் என்றாராம். பயந்து சாகவேண்டாம், ஆனாலும் உறுதி சொல்ல முடியாது, ஸ்கேன் பார்ப்போம் என்றாராம். ஸ்டீராய்டைச் சட்டென்று விட்டால் முகம் பொங்கும், தன் கண்பார்வையில் படிப்படியாக விட வேண்டும் என்றாராம். தோல் தேற மாதக்கணக்கில் ஆகும். சிவப்பு நூல்களில் சில அப்படியே நிற்கும். "அப்ப மங்கு?" என்று கேட்டிருக்கிறாள். "போகும்னு யார் சொன்னாலும் நம்பாத. அடங்கும். வெயிலையும் வெப்பத்தையும் தள்ளி வெச்சா அடங்கியே இருக்கும்" என்றாராம். முதல் நாளே நாம் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அதுதான். அதை நான் கடையிலும் சொல்லவில்லை, நீ மேடையிலும் சொல்லவில்லை.

கடைப் பலகையை இறக்கிவிட்டேன். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நானே எழுதிவிட்டேன். வெள்ளை மூடி டப்பா வாங்கிய வாடிக்கையாளர்கள் முப்பத்தொரு பேரையும் ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருக்கிறேன். சிலர் திட்டுகிறார்கள். ஒருத்தி, "இன்னும் ரெண்டு டப்பா இருந்தா குடுத்துடு" என்று கெஞ்சினாள். அதுதான் திட்டைவிட வலித்தது. இதனால் நான் நல்லவளாகிவிடவில்லை. பத்து மாதம் கேட்காமல் இருந்தவள் மூன்று வாரம் வாயை மூடி வைத்திருந்தேன். அந்த மூன்று வாரமும் அவள் பூசிக்கொண்டிருந்தாள்.

கடிதத்தை எரிக்கவில்லை. யாருக்கும் காட்டவும் மாட்டேன். அது என் வேலை அன்று.

பேச்சு முடியட்டும் என்கிறாய். இரண்டு மாதம் என்கிறாய். சங்க அறை அலமாரியில் இன்னும் மூன்று டப்பா இருப்பதாகச் சுருட்டை சொன்னாள். இன்றும் மீதிப் பதினாறு பேர் அதன் மூடியைத் திறப்பார்கள். உன் பலகையில் இருந்த இரண்டு வரியை நம்பித் திறப்பார்கள். கண்ணாடித் தட்டி வேண்டும்தான். ஆனால் அவர்கள் தோலை அடகு வைத்து வாங்கிய கையெழுத்தைக் கொண்டு, அவர்கள் தோலுக்குத் தட்டி கேட்கப் போகிறாயே, அதை அவர்களுக்குத் தெரியாமல் கேட்காதே. உண்மை தெரிந்தபின் உன்னோடு நிற்பவர்கள் பத்துப் பேரே ஆனாலும் அதுதான் உன் சங்கம்.

இத்துடன் ஒரு பெட்டி வருகிறது. தோல் நிற வெயில் க்ரீம், பதினேழு குழாய். மருந்தின் பெயரும் அளவும் எழுதிய தாள், பதினேழு படி. என் கையெழுத்தில் அந்தப் பழைய சீட்டு மறுபடியும், நான்கு வரியோடு.

இருபத்தேழாம் தேதி வாயிற்கூட்டத்துக்குக் காத்திருக்காதே. இந்தப் பெட்டியைப் பிரித்த கையோடு சங்க அறைக்குப் போ. அந்த மூன்று டப்பாவையும் எடுத்துப் பூட்டு. சுவரில் இருக்கும் கண்ணாடியைத் திருப்பு. பதினேழு பேரையும் அழைத்து உட்கார வை, நீ மட்டும் நில். குழாயையும் தாளையும் ஒவ்வொருத்தி கையிலும் கொடுத்து, நாளையே மருத்துவரிடம் கூட்டிப் போகிறேன் என்று சொல். பிறகு சீட்டை எடு. மூன்றாவது வரியைப் படி. நான்காவது வரியைப் படி. அதை ஏன் விட்டாய் என்று சுருட்டையின் முகத்தைப் பார்த்துச் சொல்.

போ, அக்கா. தேநீர் இடைவேளை முடிவதற்குள் சொல்.